பிழை திருத்தமும் பிழை ஆராய்ச்சியும்: கல்லூரி எழுத்துப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

கல்லூரியிற் பயில்வார் அனைவரும், தாம் மேற்கொண்ட சிறப்புப் பாடம் எதுவாயினும், எழுத்துப் பயிற்சி பெறுதல் வேண்டும் என்னும் கொள்கை அமெரிக்க நாட்டில் வேரூன்றிய ஒன்றாகும். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1874-இல் நுழைவுத் தேர்விற் கட்டுரை எழுதுதலைப் புகுத்திற்று. 1885-இல் முதலாண்டு மாணவர்க்கெனக் கட்டுரை வகுப்பு ஒன்றினை அமைத்தது. பிற கல்லூரிகள் பலவும் அந்நெறியே சென்றன. ஆயினும், பள்ளி செய்யத் தவறியதைக் கல்லூரி ஏன் செய்தல் வேண்டும் என்னும் வினா அவ்வகுப்பினை அன்றுதொட்டு விடாது தொடர்ந்து வந்துள்ளது. இவ்வினாவிற்கு நேரிய விடை தந்த நூல், மினா ஷானெசி அம்மையார் 1977-இல் வெளியிட்ட 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்பது நம் கருத்து. அந்நூலின் வலிமையினையும், அது நின்றுவிட்ட எல்லையினையும் ஈண்டு ஆராய்வாம்.

1970-இல் நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகம், அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் தேறினார் அனைவர்க்கும் தன் வாயிலைத் திறந்தது. அதுகாறும் கல்லூரியை எட்டிப் பார்த்திராத குடும்பங்களின் மக்கள் பலர் வகுப்புகளில் வந்து அமர்ந்தனர். அவர்தம் கட்டுரைகளைக் கண்ட ஆசிரியருட் சிலர், இவர்க்குக் கற்பித்தல் இயலாது எனக் கைவிரித்தனர். அப்பல்கலைக்கழகத்தின் சிட்டி கல்லூரியில் எழுத்துப் பயிற்சியை நடத்திய ஷானெசி அம்முடிவினை ஏற்றிலர். 1970 முதல் 1974 வரை எழுதப்பெற்ற ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார். பிழைகள் மனம்போனவாறு நிகழ்வன அல்ல, அவற்றின் பின்னே காரணம் உண்டு, பெரும்பாலும் மாணவர் தாமே வகுத்துக்கொண்ட விதியொன்று உண்டு என்பது அவர் கண்ட முடிபு.

இம்முடிபின் அருமையை நம் மொழியில் வைத்துக் காணலாம். 'இக்காப்பியத்தின் நோக்கம் மக்களுக்கு அறத்தை அறிவுறுத்துகிறார்' என ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். ஆசிரியர் இறுதிச் சொல்லை அடித்து, 'அறிவுறுத்துவதாகும்' என எழுதி மதிப்பெண் குறைப்பார். மாணவர் அடுத்த கட்டுரையிலும் அவ்வாறே எழுதுவார்! ஏன்? அவர் உள்ளத்தில் இரண்டு தொடர்கள் உள்ளன. ஆசிரியர் அறத்தை அறிவுறுத்துகிறார் என்பது அவர் தாமே எண்ணியது. நோக்கம் எனத் தொடங்குதல் கல்லூரி நடை என்பது அவர் கேட்டறிந்தது. கற்ற நடையிற் புகுந்து தம் எண்ணத்தில் வெளிவருகின்றார். எழுவாயும் பயனிலையும் இயையவில்லை என்று சுட்டுவது உண்மையே. ஆனால் அவ்வுண்மை அவர்க்கு உதவாது. இரண்டு தொடர்களையும் பிரித்துக் காட்டி, எதனைச் சொல்ல விழைந்தாய் என்று வினவும் ஆசிரியரே அவர்க்குத் துணையாவார்.

வழுவினை வகுத்துக் காரணம் காணும் நெறி தமிழ் இலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுவினைக் கூறிய நன்னூலார், உவகையானும் சிறப்பானும் சினத்தானும் திணையும் பாலும் மயங்குதலை அமைதியாகக் கொண்டார். வேறுபாடும் உண்டு. வழுவமைதி சான்றோர் வழக்கிற்குத் தரும் இசைவு. ஷானெசியோ மாணவர் பிழைக்கு இசைவு தந்தாரல்லர். காரணத்தை அறிந்தே களைய வேண்டும் என்றார். அவரைப் பிழைக்குப் பரிந்தவர் எனக் கருதுவார் நூலை முழுதும் படித்திலர் போலும்.

நூலின் குறையையும் கூறுதல் வேண்டும். எட்டு இயல்களுள் கையெழுத்தும் நிறுத்தக்குறியும், தொடரமைப்பு, பொதுப் பிழைகள், எழுத்துக்கூட்டல், சொல்வளம் என்பன ஐந்து இயல்களைக் கொண்டன. வாக்கியத்திற்கு அப்பாற்பட்ட கருத்து வளர்ச்சிக்கு ஓரியலே உரியது. பொதுக்கல்வியில் எழுத்துப் பயிற்சிக்குரிய இடம் பெரிதும் அவ்வோரியலைப் பொறுத்தது என்பது நம் துணிபு. இயற்பியல் பயில்வானும் வணிகவியல் பயில்வானும் இவ்வகுப்பிற்கு வருதல், தான் கருதியது இன்னதென்று தானே அறிதற்பொருட்டாம். ஒரு கருத்தை நிறுவச் சான்று காட்டல், மாற்றார் கூற்றை மறைக்காது எடுத்துரைத்து விடை கூறல் என்பனவற்றை வாக்கியத் திருத்தம் தாராது. 2022-இன் இறுதியில் உரையாடற் பொறிகள் பொதுமக்கள் கைக்கு வந்தபின், பிழையற்ற பக்கத்தை எவரும் நொடியிற் பெறலாம். மேற்காட்டிய மாணவரின் தொடரை அப்பொறி செவ்வனே திருத்தித் தரும். அவர் உள்ளத்தில் இருந்த இரண்டு தொடர்கள் இரண்டாகவே இருக்கும்.

அவ்வாயில் நெடுநாள் முன்போல் திறந்திருக்கவில்லை. நிதி நெருக்கடியால் 1976-இல் அப்பல்கலைக்கழகம் இலவசக் கல்வியைக் கைவிட்டது. 1990-களின் இறுதியில் தன் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை விலக்க முடிவு செய்தது. நூலின் கொள்கை தவறென எவரும் நிறுவியதால் நேர்ந்ததன்று இது. ஒவ்வொரு கட்டுரையையும் காரணம் நாடிப் படித்தற்கு ஆசிரியரும் நேரமும் பொருளும் வேண்டும். அந்நாட்டுக் கல்லூரிக் கட்டுரை ஆசிரியர்களின் மாநாட்டமைப்பு, ஓர் எழுத்து வகுப்பில் 20 மாணவர்க்கு மேல் இருத்தலாகாது எனப் பரிந்துரைத்துள்ளது. நம் கல்லூரிகளில் முதற்பகுதித் தமிழ் வகுப்பொன்றில் அறுபதின்மர் அமர்ந்திருத்தல் அரிதன்று.