பிரிவுக்கும் இறப்புக்கும் பொதுவான சொல்: ‘வாக் டூ மூன்ஸ்’ புதினமும் மொழிபெயர்ப்பாளரும்

அமெரிக்க எழுத்தாளர் ஷேரன் கிரீச்சின் ‘வாக் டூ மூன்ஸ்’ 1994இல் வெளிவந்து, 1995இல் நியூபெரி பதக்கம் பெற்ற சிறுவர் புதினமாகும். பதின்மூன்று வயதுச் சாலமங்கா, தாயின் பிறந்தநாளுக்குள் லூயிஸ்டன் நகரைச் சேர்ந்துவிட வேண்டுமென்ற தவிப்புடன், தாத்தா பாட்டியோடு ஒகையோவிலிருந்து ஐடஹோவுக்குக் காரில் செல்கிறாள். வழிநெடுக, தாய் திடீரென வீட்டைவிட்டுச் சென்றதால் கலங்கிய தோழி ஃபீபியின் கதையைச் சொல்லிவருகிறாள். தன் தாய் பேருந்து விபத்தில் இறந்துவிட்டாள் என்பதையும் லூயிஸ்டனில் இருப்பது அவளுடைய கல்லறை என்பதையும் வாசகர் இறுதியில்தான் தெளிவாக அறிகிறார்.

இதனை வெறும் கதைத்திருப்பமாகக் கொள்வது பொருந்தாது. சாலமங்கா எங்கும் பொய் சொல்வதில்லை. பிரிவுக்கும் இறப்புக்கும் பொதுவான சொற்களையே அவள் கையாள்கிறாள். தமிழ்க் குடும்பங்களில் இறந்தவரைப் பற்றிக் கேட்கும் குழந்தையிடம் ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று பெரியவர்கள் மறைத்துச் சொல்வதுண்டு. இப்புதினத்திலோ குழந்தையே தன்னிடம் மறைத்துக்கொள்கிறது. எனவே சொல்லின் இருபொருள் தன்மை இங்கு அணியன்று. கதையின் கட்டமைப்பே அதுதான்.

தாய் லூயிஸ்டனில் அமைதியான ஓய்வில் இருப்பதாகத் தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. இதனைத் தமிழில் எவ்வாறு தருவது? ‘செத்தார்’ என்பதைத் ‘துஞ்சினார்’ என்பது இலக்கணிகள் கூறும் மங்கல வழக்கு. ‘துஞ்சு’ என்னும் வினை உறக்கத்தையும் இறப்பையும் ஒருங்கே குறிக்கும். ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்னும் பெயரில் இடமும் இறப்பும் இணைந்து நிற்பதும் நோக்கத்தக்கது. ஆயினும் இன்றைய சிறுவர்க்கு அது வழக்கிறந்த சொல். ‘மீளாத்துயில்’ என்றால் மறைபொருள் உடைந்துவிடும். ‘ஓய்வெடுக்கிறாள்’ என்றால் இறப்பின் நிழலே விழாது. ‘இளைப்பாறுகிறாள்’ என்பதே பொருத்தமானது. சிறுவர்க்கு அது களைப்பு நீங்குதல். கத்தோலிக்கத் தமிழில் இறந்தோர்க்கான மன்றாட்டில் வரும் ‘நித்திய இளைப்பாற்றி’யை அறிந்தவர்க்கு அது கல்லறையையும் நினைவூட்டும்.

தாயின் கடிதம் இதனினும் கடினமானது. விடைபெறும் சொல்லைச் சொன்னால் அது நிலையான பிரிவாக ஒலிக்கும் என்பதால் சொல்லாமலே செல்வதாக அவள் எழுதுகிறாள். தமிழின் விடைபெறும் தொடரோ ‘போய் வருகிறேன்’ என்பது. திரும்பி வருதல் அதனுள்ளேயே அடங்கியுள்ளது. அத்தொடரை இங்கு இட்டால் தாயின் காரணம் பொருளற்றுப் போகும். ‘விடைபெறுகிறேன்’ என்னும் மேடைவழக்குச் சொல்லின் இறுதித்தன்மையே இவ்விடத்தில் பயன்படும்.

புதினத்தில் குறையில்லாமல் இல்லை. தாயின் இறுதிப் பயணத்தில் அருகில் அமர்ந்திருந்து உயிர்பிழைத்த பெண்ணுக்குக் ‘கடாவர்’ என்று பெயர்; ஆங்கிலத்தில் அதற்குப் பிணம் என்பது பொருள். அடங்கிய மொழியினூடே இக்குறிப்பு மிக உரத்து ஒலிக்கிறது. ஒலிபெயர்ப்பில் இப்பொருள் மறைவது பேரிழப்பன்று. முடிவில் பாட்டியின் மரணமும் சேர்வதால் துயரம் சற்று நெருக்கியடிக்கப்படுகிறது.

எனினும் கல்லறைக் காட்சி இக்குறைகளைக் கடந்து நிற்கிறது. தாய் இனித் திரும்பி வரமாட்டாள் என்பதைக் கல்லில் பொறித்த பெயரைக் கண்ட பின்னரே சாலமங்கா தானாக உணர்கிறாள். வரமாட்டாள் என்னும் செய்தி புதினத்தின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. சொல் மாறவில்லை, அதனை ஏற்கும் மனமே மாறியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் முன்னர் ‘வரமாட்டாள்’ என்றும் இங்கு ‘இறந்துவிட்டாள்’ என்றும் எழுதினால் வாசகருக்குச் செய்தி கிடைக்கும். சிறுமி கடந்துவந்த தொலைவு கிடைக்காது. ஈரிடத்தும் ஒரே தொடரைப் பேணுவதே இப்புதினத்திற்குச் செய்யும் நேர்மையாகும்.