பிரிப்பதற்கென்றே ஒட்டுகிறவர்கள்

கியோட்டோவின் சுருளோவியப் பட்டறைகளில் பசை காய்ச்சுவதற்கென்று ஒரு பருவம் உண்டு. குளிர் உச்சத்தில் இருக்கும் ஜனவரியின் பின்பாதி அது. கோதுமை மாவிலிருந்து பிரித்த மாச்சத்தைத் தண்ணீரில் கரைத்து, கை ஓயாமல் கிளறிக் காய்ச்சி, பெரிய ஜாடிகளில் ஊற்றி மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பசை பயனுக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். இடையில், வருடத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தில் ஜாடியைத் திறந்து, மேலே படர்ந்த பூஞ்சையை வழித்தெடுத்துத் தண்ணீரை மாற்றுகிறார்கள். ஆவக்காய் ஜாடியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளுக்கு இந்தப் பக்குவம் புரியும். ஃபுருநோரி என்னும் இந்தப் பழம்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கிறது. வலு குறைய வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை காத்திருப்பும்.

ஏன் என்று கேட்டால் சுருளோவியத்தின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். பட்டிலோ தாளிலோ தீட்டிய படம் தானாக நிற்காது. அதன் முதுகில் அடுக்கடுக்காகத் தாள் ஒட்டுவார்கள். முதல் அடுக்கு மினோ தாள். அதற்கு மட்டும் புதுப் பசை. அடுத்தது யோஷினோ மலைப்பகுதியில் செய்யும் மிசு தாள். அதில் சிப்பி ஓட்டுப் பொடி கலந்திருக்கும். கடைசியில் வருவது, அதே பகுதியின் களிமண் கலந்த உதா தாள். இந்த இரண்டுக்கும்தான் பழம்பசை. வலுவான பசையைத் தடவினால் காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும். சுருட்டி விரிக்கும் ஒவ்வொரு முறையும் ஓவியத்தில் மடிப்பு விழும், பிறகு வெடிக்கும். பழம்பசையோ தாளைத் தாளாகவே இருக்கவிடுகிறது.

பசை பலவீனமானது என்றால் பிடிப்பு எப்படி வரும்? பனையினத்து நாரில் கட்டிய கனத்த தூரிகையால் தாளின் முதுகைச் சீராகத் தட்டுகிறார்கள். ஒரு தாளின் இழை மற்றதன் இழைக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. கை சற்றுக் கனத்தால் ஓவியம் சிதையும். சற்றுத் தயங்கினால் அடுக்கு பிரிந்து நிற்கும். இந்த அளவை எந்தக் கையேடும் சொல்லித்தர முடியாது. தட்டும் ஓசையைக் கேட்டு, பக்கத்தில் நின்று பார்த்து, தானும் தட்டித்தான் பழக வேண்டும்.

நூறாண்டு வாக்கில் ஒரு சுருளுக்கு முதுகுத்தாள் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு இன்னொரு கைவினைஞர் ஈரம் கொடுத்துப் பழைய தாளை நோகாமல் உரித்தெடுப்பார். இன்று ஒட்டுகிறவரின் மனத்தில் அந்த முகம் தெரியாத மனிதர் இருக்கிறார். அரிக்கப்பட்ட பட்டோவியத்தின் துளைகளை அடைக்கும்போதும் இதே எண்ணம்தான். புதுப் பட்டு பழம்பட்டை இழுத்துக் கிழித்துவிடும் என்பதால், புதுப் பட்டின்மேல் மின்னணுக் கதிரைப் பாய்ச்சி, வேண்டுமென்றே நைந்துபோகச் செய்து, அதன்பிறகே ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டு மூலத்தைவிட வலிமையாக இருந்துவிடக் கூடாது. பழுதுபார்க்கும் கலையில் இவ்வளவு பணிவான நுட்பம் வேறெங்கும் இருக்குமா என்று வியக்கத் தோன்றுகிறது.

உலகம் காதலித்தது என்னவோ கின்ட்சுகியை. உடைந்த கிண்ணத்தை ஊருஷி மரப்பாலால் ஒட்டி, விரிசலின் வழியே பொன்பொடி தூவும் கலை அது. அதன் அழகில் குறையில்லை. ஹோன்னாமி கோயெட்சு செய்த ‘செப்போ’ தேநீர்க் கிண்ணத்தில் சூளை வெடிப்பின் மேல் பொன் ஓடும் விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் எபாக்சிப் பசையும் தங்கநிறப் பொடியும் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் கற்றுத்தரும் பயிற்சிகள் அந்தக் கலையின் பொறுமையைக் கழற்றிவிடுகின்றன. ஊருஷி ஈரக்காற்றில்தான் இறுகும்; ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காக்க வேண்டும்; ஒரு கிண்ணம் முடிய மாதங்களாகலாம். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரம் தன் வாழ்நாளில் தருவதே ஒரு குவளைப் பால். தோலில் பட்டால் கொப்புளிக்கும் அந்தப் பாலோடு வாரக்கணக்கில் பழகியவருக்கும், மாலை நேரப் பொழுதுபோக்காக வந்துபோனவருக்கும் ஒரே சான்றிதழ் தருவது நியாயமில்லை.

தாளின் கதை வேறு வழியில் நடந்தது. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருகி ஃப்ளாரன்ஸ் நூலகங்களை மூழ்கடித்தபோது, நைந்த பக்கங்களுக்கு உயிர்கொடுக்க வல்லுநர்கள் ஜப்பானியத் தாளை நாடினார்கள். மெல்லியது, ஆனால் இழை நீண்டது. கிழிசலின்மேல் படிந்தால் எழுத்தை மறைக்காது. தாள் ஊர் ஊராகப் பரவியது. அதைக் கையாளும் முறை அந்த வேகத்தில் பரவவில்லை.

இந்த இடைவெளிக்கான பதிலாக, ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐக்ரோம் அமைப்பும் டோக்கியோவின் தேசியப் பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனமும் 1992 முதல் பன்னாட்டுப் பயிற்சி ஒன்றை நடத்தத் தொடங்கின. ஏறக்குறைய மூன்று வாரம், பத்துப் பேர் போல. வருகிறவர்கள் அருங்காட்சியகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் வேலை பார்க்கும் தேர்ந்தவர்கள். ஆனாலும் அங்கே மறுபடி மாணவராகி, பசையை வடிகட்டுவதில் தொடங்கி, தூரிகை பிடித்து, பின்தாள் ஒட்டி, ஒரு கைச்சுருளைத் தாமே கட்டி முடிக்கிறார்கள். பட்டறையில் சேர்ந்த ஒருவர் தேர்ச்சிபெறப் பத்தாண்டு போல ஆகும் துறையில் மூன்று வாரம் அற்பம்தான். இருந்தும் திரும்பிப் போகிறவரின் மேசையில் தடவப்படும் பசையின் அளவு குறைந்துவிடும். அந்த ஒரு மாற்றத்துக்காகவே இப்படிப்பட்ட பயிற்சி நடக்கலாம்.

பயிற்சியின் ஆகச் சிறந்த பகுதி ஆய்வகத்துக்கு வெளியே, மினோ தாள் செய்யும் ஊரான மினோவில் இருக்கிறது. 702-ஆம் ஆண்டில் மினோ தாளில் எழுதிய குடும்பப் பதிவேடு நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கண்ட தாளுக்கு வேறு நற்சான்று தேவையில்லை. 1997-ல் இதே ஊர் வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்து, உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கவைத்துத் தாளில் படைப்புகள் செய்ய வழிவிட்டது. தாளுக்கான கொஸோ மரப்பட்டையை வேகவைத்து, ஓடும் நீரில் உட்கார்ந்து கரும்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுக்கும் வேலையைச் செய்து பார்த்தவர் அதற்குப்பின் ஒரு தாளைக் கசக்கி எறியத் தயங்குவார். தொட்டியில் இழைகள் அடியில் தங்கிவிடாமல் மிதக்கவிடுவது தொரோரோ ஆவோய் என்னும் செடியின் வேர்க்கொழகொழப்பு. நம் வெண்டைக்கு நெருங்கிய உறவான செடி அது. மூங்கில் சல்லடையை முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்தக் கொழகொழப்புதான் நீரை மெல்ல வடியவிட்டு இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் படியவைக்கிறது.

இந்தச் செடியைப் பற்றித்தான் இப்போது கவலை. நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கைத் தந்துவந்த இபராக்கி மாகாணத்தின் ஓமிதாமா விவசாயிகள், முதுமையும் கட்டுப்படியாகாத வருமானமும் சேர, பயிரைக் கைவிடப் போவதாக 2019-ல் சொன்னார்கள். மொட்டுகளையும் களையையும் கையால் கிள்ள வேண்டிய பயிர் அது; இளைஞர்கள் வரத் தயங்குவதில் வியப்பில்லை. 1975-லேயே ஜப்பான் தன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, பழுதுபார்ப்புக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பங்களையும் தேர்ந்தெடுத்துக் காக்கத் தொடங்கியது. தாள், தூரிகை, ஊருஷி செய்கிறவர்களுக்கு அதனால் மரியாதை கிடைத்தது. வேர் தோண்டுகிற விவசாயிக்கு அந்த வெளிச்சம் தாமதமாகவே எட்டியது. வெளிநாட்டிலிருந்து பயிற்சி பெற வருகிறவர்களைப் பட்டறைக்கும் தாள் தொட்டிக்கும் அழைத்துப்போகிறவர்கள், இன்னும் இரண்டு நாள் ஒதுக்கி ஓமிதாமா வயலுக்கும் அழைத்துப்போகலாம். பழம்பசைக்குக் கோதுமை எங்கிருந்தும் வரும். இந்த வேருக்கு மாற்றாகச் செயற்கைப் பொருளைப் பயன்படுத்துவதா என்ற கேள்வியோ இன்று ஒவ்வொரு தாள் தொட்டியின் முன்னும் நிற்கிறது.