களஞ்சியத்தின் சாவி

எமது கலைவிழாக்களில் தலைவர் எனப்படுபவர் மேடையின் நடுக் கதிரையில் அமர்ந்து, மாலை ஏற்று, அரைமணி நேரம் பேசிச் செல்பவர். ஐரோப்பாவின் பெரிய சமகாலக் கலைவிழாக்களில் தலைமை என்பது கனதியான சங்கதி. எந்த ஓவியன் உள்ளே வருவான், எவன் வாயிலில் நிற்பான், பணம் எவ்வாறு பங்கிடப்படும் என்பவற்றையெல்லாம் தலைவரே தீர்மானிக்கிறார். எனவே, அத்தலைமை யார் கையில் இருக்கிறது என்று கேட்பது, கலை எவருடைய சொத்து என்று கேட்பதற்குச் சமம். இக்கேள்வியை 2022இல் ஜேர்மனியின் காஸெல் நகரில் நடைபெற்ற பதினைந்தாவது டொக்குமென்ரா போன்று வெளிப்படையாக எழுப்பிய விழா வேறொன்றை நாம் அறியோம்.

டொக்குமென்ரா 1955இல் தொடங்கியது. 1943இன் குண்டுவீச்சில் அழிந்த நகரத்தில், அரைகுறையாகத் திருத்தப்பட்ட ஒரு பழைய அரும்பொருட் சாலையில், நாஜிகள் இழிந்த கலையென்று பழித்து ஒதுக்கிய நவீன ஓவியங்களை ஆர்னோல்ட் போடே என்னும் ஓவிய ஆசிரியர் மக்கள் முன் வைத்தார். அவருக்குத் துணைநின்ற கலை வரலாற்றாசிரியர் வேர்னர் ஹாஃப்ட்மன் தாமே நாஜிக் கட்சி உறுப்பினராயிருந்தவர் என்பது பல தசாப்தங்களின் பின்னரே பகிரங்கமாயிற்று. 1972இல் ஹரால்ட் ஸீமான் தனியொருவராகத் தலைமையேற்றார். கண்காட்சியே இனி அமைப்பாளரின் படைப்பாகிவிட்டது, கலைஞரின் ஆக்கங்கள் அவர் தீட்டும் சித்திரத்துக்கு வர்ணங்களாகிவிட்டன என்ற கருத்துப்பட டானியல் புரென் என்ற பிரெஞ்சு ஓவியர் அப்போதே கண்டித்தார். அக்கண்டனம் இன்றும் பொருந்தும். 2002இல் நைஜீரியரான ஒக்வி என்வேஸர் தலைமைக்கு வந்தபோது ஐரோப்பியரின் ஏகபோகம் தகர்ந்தது. தனிமனிதத் தலைமை தகரவில்லை.

அதனைத் தகர்க்க முனைந்தோர் ருவாங்ருப்பா என்ற இந்தோனேசியக் கலைஞர் குழுவினர். சுகார்த்தோவின் வீழ்ச்சிக்குப் பின், 2000இல், ஜகார்த்தாவில் தோன்றிய குழு இது. அவர்கள் தம் கொள்கைக்கு இட்ட பெயர் 'லும்புங்'. அறுவடையின் மிகுதியைப் பொதுவிற் சேர்த்து, ஊரார் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொள்ளும் நெற்களஞ்சியத்தையே அச்சொல் குறிக்கும். பதினான்கு குழுக்கள் முதலில் அழைக்கப்பட்டன. அவை பிறரை அழைத்தன. முடிவில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். பணத்தின் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்து, அதன் செலவைக் கூட்டங்களிற் பேசித் தீர்த்தனர். பங்குபற்றுவோரின் பெயர்ப்பட்டியலை வீடற்றோர் தெருவில் விற்கும் ஒரு சஞ்சிகையிலேயே முதலில் வெளியிட்டனர். பிரதான மண்டபத்தில் குழந்தைகள் காப்பகம் அமைந்தது. வங்காளதேசத்தின் பிறிற்றோ குழுவினர் அடுக்களை அமைத்துச் சமைத்துப் பரிமாறினர்.

இவற்றுள் எம்மை மிகவும் கவர்ந்தது நைரோபியின் நெஸ்ற் குழுவினரின் படைப்பு. தானம் என்ற பெயரிலும் வியாபாரம் என்ற பெயரிலும் ஐரோப்பா ஆபிரிக்காவின் தலையிற் கட்டும் கழித்த உடைகளைப் பொதிபொதியாக அடுக்கி, ஒரு கூடாரமாக்கி, காஸெலின் அரண்மனைப் பூங்காவில் நிறுத்தினர். 'அனுப்பியவருக்கே திருப்புக' என்பது அதன் பெயர். பொதிகளே சுவர், பொதிகளே குற்றச்சாட்டு. உருவமும் உள்ளடக்கமும் இவ்விதம் ஒன்றுபடுவது அருமை. எல்லா அறைகளும் இத்தரத்தன என்று நாம் கூறமாட்டோம். பலவற்றில் கூட்டக் குறிப்புகளும் வரைபடங்களுமே சுவரை நிரப்பின. கூடிப் பேசியதன் எச்சம் கலையாகிவிடாது.

இனி அந்தப் பதாகைக்கு வருவோம். யோக்யகார்த்தாவின் தாரிங் பாடி குழுவினர் சுகார்த்தோ ஆட்சியையும் அதற்கு முண்டுகொடுத்த அந்நிய உளவுப் படைகளையும் சாடி 2002இல் வரைந்த மாபெரும் துணி ஓவியம், நகரின் நடுச் சதுக்கத்தில் உயர்த்தப்பட்டது. அதில் தாவீதின் நட்சத்திரம் பொறித்த கழுத்துத்துணியும் 'மொஸாட்' என்றெழுதிய தலைக்கவசமும் அணிந்த பன்றிமுகச் சிப்பாய் ஒருவன். காதோரச் சுருள்மயிரும் கோரைப்பல்லும், தொப்பியில் நாஜிப் படையின் குறியும் கொண்ட இன்னொருவன். முதலில் கறுப்புத் துணியால் மூடினர். யூன் 21ஆந் திகதி இறக்கினர். இரு குழுக்களும் மன்னிப்புக் கோரின.

இதனை வெறும் தப்பபிப்பிராயம் என்று கூறித் தப்பிக்க முற்போக்காளர் சிலர் முயன்றனர். நாம் அதற்கு உடன்படோம். கோரைப்பல் யூதன் ஐரோப்பியப் பிற்போக்கின் பழைய சரக்கு. அச்சரக்கு ஜாவாவின் விவசாயிக்காகப் பரிந்து பேசும் ஓவியத்திற் புகுந்தாலும் விஷம் விஷமே. சுரண்டுவோனைக் காட்டவேண்டிய தூரிகை ஓர் இனத்தின் முகத்தைக் காட்டினால் என்ன விளையும் என்பதை 1983ஐக் கண்ட நாட்டில் வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை.

தாம் கூட்டாகவே கவனிக்கத் தவறியதாக ருவாங்ருப்பா ஒப்புக்கொண்டது. கூட்டுத் தலைமையின் மெய்யான சோதனை இங்கேதான் வருகிறது. ஐவர் சேர்ந்து செய்த ஒப்படையை ஐவரில் ஒருவர்கூட முழுமையாக வாசியாமல் மேசையில் வைத்துச் செல்வதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். பணத்தைப் பங்கிடலாம், அதிகாரத்தைப் பங்கிடலாம். பொறுப்பைப் பங்கிடும்போது ஒவ்வொருவர் பங்கும் முழுப் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும். பல கண்கள் இருந்த இடத்தில் கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும், குறைவாகவே பார்த்தார்கள்.

ஆயினும், இத்தவறைக் காத்திருந்து பிடித்துக்கொண்டோரையும் நாம் மறத்தலாகாது. விழா தொடங்குமுன்பே, மே மாதத்தில், பலஸ்தீனக் குழுவொன்றின் காட்சியிடத்துள் எவரோ புகுந்து சுவர்களில் மிரட்டல் எழுதினர். பதாகை இறங்கியபின் பழி ஒன்றிரண்டு உருவங்களோடு நிற்கவில்லை. தென்னுலகிலிருந்து வந்த அனைவர் மீதும் சந்தேகம் படர்ந்தது. யூலையில் நிர்வாகத் தலைவி சபீன ஷோர்மன் விலகினார். பின்னர் அடுத்த விழாவுக்குத் தலைவரைத் தேடிய குழுவில் இருந்த இந்தியக் கவிஞர் ரஞ்சித் ஹொஸ்கொட்டே, 2019இல் கையொப்பமிட்ட ஓர் அறிக்கைக்காகத் தாக்கப்பட்டு 2023 நவம்பரில் விலகினார். சில நாட்களில் எஞ்சியோரும் விலகினர். நகரமும் மாநிலமும் உரிமை கொண்ட அந்த நிறுவனம், தன் ஒழுங்குகளைத் திருத்தி, புதிய தெரிவுக் குழுவை அமைத்தது. 2024 டிசம்பரில், நியூயோர்க்கின் குகன்ஹைம் அரும்பொருட் சாலையைச் சேர்ந்த நயோமி பெக்வித் 2027இன் விழாவுக்குத் தலைவராக அறிவிக்கப்பட்டார்.

அவர் ஆற்றல் மிக்கவர். அவரது தெரிவுகளை நாம் முன்கூட்டியே பழிக்கவில்லை. களஞ்சியத்தின் சாவியோ மீண்டும் ஒருவர் கைக்கே வந்திருக்கிறது. சாவியைத் தந்தோர் இம்முறை வாயிலருகிலேயே நிற்கிறார்கள்.