இராட்சதர் குலங்களில் தண்டனைச் சடங்கு

கதையில் ஓர் இராட்சதனைப் படைப்பது எளிது. அவனுக்கு ஒரு குலத்தைப் படைப்பதுதான் பெரும்பாடு. உயரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் குலத்தில் ஒருவன் தப்பு செய்தால் அவன் கதி என்ன, தீர்ப்பைச் சொல்வது யார், கூடிநின்று பார்ப்பது யார் என்று கேட்கத் தொடங்கினால் பல படைப்புகள் தடுமாறிவிடுகின்றன. ஹோமர் முதல் இன்றைய கற்பனை விளையாட்டு நூல்கள்வரை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

கேள்விக்குத் துணையாகச் சமூகவியலில் இரண்டு பெயர்கள் உண்டு. குற்றம் செய்யாதவர்களுக்காகவே தண்டனை முதன்மையாக நிகழ்கிறது, சமூகம் தன் பொது நம்பிக்கைகளை அதன் வழியே உறுதிப்படுத்திக்கொள்கிறது என்று 1893இல் வாதிட்டார் எமில் துர்க்கைம். ஒருவரை ஊரறிய இழிவுபடுத்தும் சடங்கு எப்போது பலிக்கும் என்று 1956இல் எழுதினார் ஹரால்ட் கார்ஃபிங்கல். பார்த்து நிற்பவர்களின் கண்ணில் அந்த மனிதர் வேறொருவராகவே மாறிவிட வேண்டும், இவர் ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும் என்பது அவர் கண்டது. ஆக, சாட்சிகள் இல்லாத இடத்தில் தண்டனை இருக்கலாம், சடங்கு இல்லை.

ஒடிஸியின் 9ஆம் காண்டத்தில் வரும் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ்களுக்குச் சபையும் இல்லை, பொதுச் சட்டமும் இல்லை. அவனவன் தன் குகையில் மனைவி மக்களுக்குச் சட்டம். அவர்களில் ஒருவனான பாலிபீமஸ் கண்ணை இழந்து அலறும்போது அண்டை வீட்டார் குகை வாசல்வரை வருகிறார்கள். ‘யாருமில்லை’ என்ற பெயரில் ஒடிஸியஸ் ஏமாற்றியிருப்பதால், உன்னை யாரும் எதுவும் செய்யவில்லையென்றால் நோய் கண்டிருக்கும், தந்தையை வேண்டிக்கொள் என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். வழக்கை எடுத்துச் செல்ல இடமில்லாதவனுக்கு எஞ்சுவது சாபம். இந்தப் பகுதியில் என்னை வியக்கவைப்பது அந்தச் சாபத்தின் சட்டத்தன்மை. ஒடிஸியஸ் வீடு சேரக்கூடாது, சேர்ந்தே ஆகவேண்டுமென்ற விதி இருந்தால் தாமதமாக, தோழர்களை எல்லாம் இழந்து, பிறர் கப்பலில் சேரட்டும், வீட்டிலும் துன்பமே காத்திருக்கட்டும். முதன்மைத் தண்டனை, அது முடியாவிட்டால் மாற்றுத் தண்டனை என்று தீர்ப்பைப் போலவே அமைகிறது அது. அடுத்த காண்டத்தின் லேஸ்ட்ரிகோனியருக்கு அரசன் உண்டு, கூடும் சபையும் உண்டு. ஆனாலும் வந்த அயலாருக்கு விசாரணை கிடையாது, விருந்துக்கு இறைச்சி ஆவதுதான். சபை இருந்தால் நீதியும் இருக்கும் என்ற எண்ணத்துக்கு ஹோமர் அன்றே இடம் வைக்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் ரபெலே இதைத் தலைகீழாக்கினார். 1534இல் வெளிவந்த ‘கார்கன்துவா’வில் போரில் வென்ற இராட்சத இளவரசன், போரைத் தூண்டியவர்களைத் தான் புதிதாக நிறுவிய அச்சகத்தில் அச்சு இயந்திரம் இழுக்க வைக்கிறான். அதற்கு மேல் அவர்களுக்குக் கொடுமை இல்லை. 1532இன் ‘பன்தாக்ருவேல்’ நூலில் தோற்ற அரசன் அனார்க், தெருவில் பச்சைச் சாறு கூவி விற்கும் நிலைக்கு இறக்கப்படுகிறான். மகுடம் இழந்தவன் குரலையும் சந்தைக்குக் கொடுக்க வேண்டும், மக்கள் அதைக் கேட்க வேண்டும். கார்ஃபிங்கல் சொன்ன சடங்கின் உறுப்புகள் அனைத்தும் இங்கே இருக்கின்றன.

இந்த வரிசையில் மிகுதியாகப் பேசப்பட வேண்டியவர் ஜோனதன் ஸ்விஃப்ட். 1726இல் வந்த ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் இரண்டாம் பாகம் பிராப்டிங்னாக் என்னும் இராட்சதர் நாட்டைக் காட்டுகிறது. ஒரு கொலைகாரனின் தலை வெட்டப்படுவதைப் பார்க்கக் கலிவரும் அவனைப் பராமரிக்கும் சிறுமி கிளம்டால்கிளிச்சும் அழைக்கப்படுகிறார்கள். இளகிய மனம் கொண்ட அச்சிறுமி விருப்பமில்லாமலே வருகிறாள். குற்றவாளி மேடைமேல் நாற்காலியில் பிணைக்கப்பட்டிருக்கிறான். வாளின் நீளம் சுமார் நாற்பது அடி. ஒரே வெட்டு. பீறிடும் குருதி வெர்சாய் அரண்மனையின் பெரிய நீரூற்றைவிட உயரமாகப் பாய்கிறது. தலை விழுந்து துள்ளியதில், அரை மைல் தொலைவில் இருந்த கலிவர் திடுக்கிட்டுப்போகிறான்.

பயங்கரமான காட்சிதான். ஆனால் அளவை நீக்கிவிட்டுப் பார்த்தால் மேடை, வாள், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம் ஸ்விஃப்டின் காலத்து ஐரோப்பாவுடையவை. அந்த நாட்டுக்கே உரிய தண்டனை வேறு இடங்களில் இருக்கிறது. பிராப்டிங்னாக்கின் எந்தச் சட்டமும் அவர்களது அகரவரிசையின் எழுத்துகளான இருபத்திரண்டைவிட அதிகச் சொற்களில் எழுதப்படக்கூடாது. சட்டத்துக்கு உரை எழுதுவது மரண தண்டனைக்குரிய குற்றம்! ஒரு குலம் எதை அஞ்சுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அங்கே மன்னிக்க முடியாதவன் சொல்லைத் திரித்து நீட்டும் வழக்குரைஞன்தான்.

இன்னொன்று அரசியின் குள்ளன். அவனும் முப்பது அடிக்குச் சற்றே குறைந்தவன். தன்னைவிடச் சிறியவன் ஒருவன் வந்துவிட்ட பொறாமையில் கலிவரைப் பாலாடைக் கிண்ணத்தில் போடுகிறான். அவனுக்குச் சவுக்கடி கிடைக்கிறது, கலிவர் விழுந்த பாலாடை முழுவதையும் குடிக்கும்படி ஆகிறது, பிறகு வேறொரு சீமாட்டியிடம் அனுப்பப்படுகிறான். உடல், அவமானம், இடப்பெயர்ச்சி ஆகிய மூன்றும் ஒரே குற்றத்துக்கு. நாற்பதடி வாளைவிட இந்தக் கிண்ணமே அந்த அரசவையை எனக்கு நம்பவைக்கிறது, ஏனென்றால் குற்றத்தின் பொருளே தண்டனையின் பொருளாகிறது.

ரோல்ட் டாலின் ‘தி பிஎஃப்ஜி’ (1982) இதே நுட்பத்தைக் கையாள்கிறது. மனிதர்களைத் தின்னும் ஒன்பது இராட்சதர்கள் பிடிபட்டு ஆழ்குழியில் அடைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு உணவாகத் தரப்படுவது அருவருக்கும் சுவையுடைய ஒரு காய். மனிதரைத் தின்ன மறுத்த நல்ல இராட்சதன் அதுவரை தானாகவே ஏற்று உண்டுவந்த அதே காய். அவனுடைய அறம் மற்றவர்களுக்குத் தண்டனையாகிறது. சிறுவர் நூலில் இவ்வளவு கச்சிதமான நீதியைக் காண்பது அரிது. ஆனால் இங்கே தீர்ப்பு மனிதர்களுடையது. இராட்சதர் குலம் தனக்குத்தானே தண்டனை வழங்கும் மரபு இந்நூலில் இல்லை.

அந்த மரபைத் தேட நாம் போகவேண்டிய இடம், இலக்கிய விமர்சகர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத விளையாட்டு நூல்கள். 1974இல் தொடங்கிய ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டில் இராட்சதர்களுக்கு ‘ஆர்டனிங்’ என்ற ஏணி உண்டு. புயல் இராட்சதர் மேலே, குன்று இராட்சதர் கீழே. ஒவ்வோர் இனத்துக்குள்ளும் தகுதியை அளக்கத் தனித்தனி அளவுகோல். இவர்களில் கல் இராட்சதர்களே ஆழமான படைப்பு. நிலத்தடிக் குகைகளில் வாழும் அவர்களுக்குச் சிற்பத் திறனே மதிப்பு. குகைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் இருப்பதெல்லாம் கனவு. கனவில் எதுவும் மெய்யில்லை, ஆகவே அங்கே செய்வதற்குப் பொறுப்பும் இல்லை. இப்படிப்பட்ட குலத்திலிருந்து ஒருவனை வெளியேற்றுவதன் பொருளை எண்ணிப் பாருங்கள். உயிர் பறிக்கப்படவில்லை, ஆனால் அவன் நின்ற மெய்யுலகம் பறிக்கப்படுகிறது. இவ்விளையாட்டுக்காக 2016இல் வந்த வோலோ வழிகாட்டி நூல், மேலுலகில் அலைந்து மனம் பிறழ்ந்த இத்தகைய இராட்சதர்களைக் ‘கனவில் நடப்பவர்’ என்று அழைக்கிறது. வழியில் தமக்குப் பொருள்பட்டவற்றைக் கல்லாக்கித் தம் உடலிலேயே ஒட்டிக்கொள்கிறார்கள் அவர்கள். சிற்பியாயிருந்த குலத்தின் பழக்கம் தனிமையில் இப்படித் திரிந்து வெளிப்படுகிறது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தண்டனைக் கற்பனை இதுதான்.

அதே விளையாட்டின் கோலியாத் குலம் என்னை உறுத்துகிறது. 2004இல் அறிமுகமான, ஏழெட்டடி உயரமுள்ள மலைவாசிகள். குலத்துக்கு உழைப்புத் தர முடியாத வயதுவந்தவர் வெளியேற்றப்படுவார். ஆறக்கூடிய காயத்துக்கு மருத்துவம் உண்டு, நிரந்தர ஊனத்துக்கு விலக்கில்லை, அவரும் தம் பங்கைச் சுமந்தே ஆகவேண்டும். நேர்மையான ஆட்டமே இவர்களின் தலையாய விழுமியம் என்று சொல்லும் நூல் இதைக் குலவழக்கமென எழுதிவிட்டு நகர்கிறது. காயம் ஆறாது என்று அறிவிப்பவர் யார்? சில பத்துப் பேரே உள்ள கூட்டத்தில் அதைச் சொல்கிறவர் அண்ணனாகவோ மகளாகவோதானே இருப்பார்? போகிறவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்புவார்களா? குழந்தைகள் பார்க்க அனுமதி உண்டா? எந்தக் குற்றமும் செய்யாதவருக்குத் தரப்படும் தண்டனைக்குச் சடங்கும் இல்லாமல் போனால் அது பண்பாடாகாது, ஆசிரியரின் அவசரம்தான்.

திரும்பி வரும் வழியைப் பற்றி இந்தப் படைப்புகளில் எதுவும் போதிய அளவு பேசவில்லை. விலக்கப்பட்டவன் திரும்பினால் யார் முதலில் அவனோடு பேசுவது, எந்தத் தீயருகே அவன் உட்காரலாம் என்ற விவரங்களுக்கு இடமே இல்லை. தமிழில் இப்போது மிகுபுனைவு எழுதுகிறவர்கள் புதிய குலங்களை, வரைபடங்களை, மொழிகளைக்கூட உருவாக்கிவருகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாளின் நீளத்தை முடிவுசெய்யும் முன், உங்கள் குலம் எதை இழக்கவே கூடாது என்று நினைக்கிறது என்பதை எழுதுங்கள், பிறகு விலக்கப்பட்டவன் ஊருக்குள் திரும்பும் அந்த நாளையும் எழுதுங்கள்.