காலைக் கள்

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள்ளை முதன்முதலாகச் சுவைப்பவர் காலையிலேயே போய்விட வேண்டும். விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதமாக்கி, நாளுக்கு இருவேளை நுனியை மெல்லியதாகச் சீவுகிறார்கள். சொட்டும் இனிப்புச் சாறு பானைக்குள்ளேயே, தானாக வந்து சேரும் ஈஸ்ட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு மேலோங்கும், நாக்கில் குமிழி மெல்லக் கடிக்கும். மாலைக்குள் புளிப்பும் வீரியமும் ஏறும். மறுநாள் காடிதான்.

ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் சக்கோலி என்ற வெள்ளை ஒயினுக்கும் இதே இளநுரைப்பு உண்டு. உயரத்திலிருந்து ஊற்றித் தருவார்கள். அதைப் புட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். இந்தக் கள்ளுக்கோ மரத்தடிக்கே வர வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களின் கள்ளுக்கடைகள் தொழிலாளர் கூலியை விழுங்கிய காலமும் இங்கே உண்டு. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் அவற்றை மூடக் கேட்டவர்கள் தொழிலாளர்களே. அதை மறக்காமல்தான் சீவுபவரின் கையை வியக்கிறேன்: வெட்டு சற்று ஆழமானாலும் பாளை வீணாகிவிடும்.