மூன்று நிமிட ஆட்டக்காரரின் பாணி

பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர், தாம் இணையத்தில் ஆடிய ஐம்பது சதுரங்க ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்பியிருந்தார். கூடவே இரண்டு கேள்விகள்: "என் பாணி எத்தகையது? நான் முன்னேற என்ன வழி?" தம்மை மிகயில் தால் வழியில் வந்த தாக்குதல் ஆட்டக்காரர் என்று அவரே குறித்திருக்கிறார். எட்டு மாதங்களாகத் தம் தரவெண் 1400-ஐச் சுற்றியே நிற்கிறது என்றும், இனியும் இப்படியே இருந்தால் ஆட்டத்தை விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார். அவருடைய அனுமதியுடன், பெயரைக் குறிப்பிடாமல், அந்த ஆட்டங்களை இங்கே ஆராய்கிறோம். இதே நிலையில் இருக்கும் வாசகர்கள் பலர் என்பது நமக்குத் தெரியும்.

முதலில் அந்தத் தரவெண்ணைப் பற்றி. அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்த அர்ப்பாத் ஈலோ வகுத்த முறை இது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ஆம் ஆண்டில் இதை ஏற்றுக்கொண்டது. இரு ஆட்டக்காரர்களின் எண்களுக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால், மேலே உள்ளவர் நூறு ஆட்டங்களில் சுமார் 76 புள்ளி பெறுவார். 400 வேறுபாடென்றால் சுமார் 91. இணையத்தில் இப்போது வழங்குவது பெரும்பாலும் மார்க் கிளிக்மன் திருத்தியமைத்த முறை. ஒருவருடைய எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது சேர்த்துக் கணக்கிடுகிறது. எந்த முறையானாலும், கணிப்பொறி நமக்கு எதிரே உட்கார வைப்பவர் ஏறக்குறைய நம் எண்ணையே உடையவர். ஆகவே பாதி ஆட்டங்களில் வெற்றியும் பாதியில் தோல்வியும் வருவது இயற்கை. எண் நகரவில்லை என்பதற்கு, ஆட்டத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை என்பதே பொருள்; திறமை இல்லை என்பதல்ல. மேலும், மூன்று நிமிட ஆட்டத்தில் பெற்ற எண், மூன்று நிமிடம் ஆடுகிறவர்களோடு ஒப்பிடத்தான் உதவும். பாணியைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. அதற்கு ஆட்டங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடும்போது வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் நம் நண்பர் செய்வது ஒன்றுதான். ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை ஈ4-க்கு நகர்த்துகிறார். குதிரை எஃப்3-க்கும் மந்திரி சி4-க்கும் வருகின்றன. எதிரி இரண்டாவது குதிரையை எஃப்6-இல் வைத்தவுடனே, நான்காவது நகர்த்தலில் தம் குதிரையை ஜி5-க்குத் தாவவிடுகிறார். எஃப்7 கட்டத்தைக் காப்பது கறுப்பு ராஜா ஒருவரே. அதை மந்திரியும் குதிரையும் சேர்ந்து குறிவைக்கின்றன. எதிரி டி5-இல் சிப்பாயை நிறுத்தி மந்திரியின் வழியை அடைக்கிறார். வெள்ளை அதை வெட்டுகிறது. இப்போது எதிரி யோசியாமல் குதிரையால் திரும்ப வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னையே பலி கொடுக்கிறது. ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-இல் செக் சொல்லுகிறது. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, பலகையின் நடுவுக்கே, வரவேண்டியதாகிறது. நம் நண்பர் இதையெல்லாம் சில விநாடிகளில் ஆடிமுடிக்கிறார். பிழையே இல்லை. ஆனால் இது பல நூற்றாண்டுகளாக அச்சில் இருக்கும் வழி. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது பாணியாகாது.

எதிரி குதிரையால் வெட்டாமல், ஐந்தாவது நகர்த்தலில் சி6-இல் உள்ள குதிரையை ஏ5-க்குக் கொண்டுவந்து மந்திரியைத் தாக்கினால் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். மந்திரி பி5-இல் செக் சொல்லும், கறுப்பு சி6-இல் சிப்பாயை வைக்கும், சிப்பாய்கள் வெட்டுப்படும். பின்னர் வெள்ளை மந்திரியும் பின்வாங்க வேண்டும், ஜி5 குதிரையும் பின்வாங்க வேண்டும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். கறுப்புக்கோ காய்கள் வேகமாக வெளிவருகின்றன. இங்கே வெள்ளையின் வேலை பொறுமையாகத் தற்காத்துக்கொண்டு, கோட்டை கட்டி, அந்த ஒரு சிப்பாயைக் கடைசிவரை கொண்டுபோவது. நம் நண்பர் அதைச் செய்வதே இல்லை. லாபமாக வந்த சிப்பாயையும் கொடுத்து, ஒரு குதிரையையும் கொடுத்து, மீண்டும் ராஜாவைத் தேடிப் போகிறார். ஏ1 யானையும் சி1 மந்திரியும் புறப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன. போர்க்களத்தில் இருப்பவை ராணியும் இன்னொரு காயும் மட்டுமே.

1960-இல் போட்வின்னிக்கை வென்று உலகப் பட்டம் பெற்ற தாலும் காய்களைப் பலி கொடுத்தவர்தாம். அவற்றுள் சில சரியானவை அல்ல என்று பின்னாள் ஆராய்ச்சி காட்டியதும் உண்மை. ஆனால் தால் பலி கொடுக்கும்போது அவருடைய மற்றக் காய்கள் வேலையில் இருக்கும். எதிரி ஒவ்வொரு நகர்த்தலிலும் கடினமான கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கும். நம் நண்பர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. அதற்கு விடை தெரிந்தவரிடம் அடுத்த கேள்வி இல்லை. தாலின் பெயரை இங்கே இழுப்பது தாலுக்கு நியாயமில்லை. இதை அவசரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடுமையாக எழுதிவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஆனால் நோட்டின் நடுவே ஓர் ஆட்டம் இருக்கிறது. எதிரி முதல் நகர்த்தலில் ஈ6 ஆடிவிட்டார்; அதனால் மனப்பாட வழிக்கு இடமில்லை. டி5-இல் சிப்பாய்கள் வெட்டுப்பட்டு, ஈ நிரை மட்டும் திறந்த சாதாரணமான நிலை. நம் நண்பர் கோட்டை கட்டி, யானையை ஈ1-க்குக் கொண்டுவருகிறார். பதினான்காவது நகர்த்தலில் கடிகாரம் நாற்பது விநாடி ஓடுகிறது. மூன்று நிமிடத்தில் அது பெரிய செலவு. பிறகு டி2-இல் இருந்த குதிரையை எஃப்1-க்குப் பின்வாங்குகிறார்! அங்கிருந்து ஜி3, அங்கிருந்து எஃப்5. அந்தக் கட்டத்தில் நின்று அது டி6 மந்திரியையும் ஜி7 சிப்பாயையும் ஒருங்கே அச்சுறுத்துகிறது. எதிரியின் நிலை அதன்பின் மெல்ல மெல்லக் குலைகிறது. ஐம்பதில் மிகச் சிறந்த ஆட்டம் இதுவே. இதை அவருக்கு யாரும் கற்பித்ததாகத் தெரியவில்லை, தாமே கண்டிருக்கிறார். ஓரத்தில் அவர் எழுதியிருக்கும் குறிப்போ: "போர் அடித்த ஆட்டம். எப்படியோ ஜெயித்தேன்."

இந்தக் குறிப்பைப் படித்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தம்மிடம் உள்ளது எது என்று அவருக்கே தெரியவில்லை. இதற்கு ஒரு காரணம் கணிப்பொறி தரும் 'துல்லிய விழுக்காடு'. மேற்படி ஆட்டத்துக்குக் கணிப்பொறி கொடுத்திருப்பது நடுத்தர மதிப்பெண். பத்தே நகர்த்தலில் எதிரி வலையில் விழுந்த ஆட்டங்களுக்குத் தொண்ணூறுக்கு மேல். இதில் வியப்பில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் மிகச் சிறந்த நகர்த்தலைவிட எவ்வளவு இழந்தோம் என்பதிலிருந்துதான் அந்த எண் பிறக்கிறது. வழி ஒன்றே இருக்கும்போதும், ஏற்கெனவே வென்றுவிட்ட நிலையிலும், இழப்பதற்கு அதிகம் இல்லை. எண் தானே ஏறும். சிக்கலான நிலையில் சொந்தமாகச் சிந்தித்தவனுக்கு எண் குறையும். கணிப்பொறி பொய் சொல்வதில்லை. ஆனால் எது பிழை என்று சொல்லும், ஏன் பிழை என்று சொல்லாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் கணிப்பொறியின் பக்கம் போகவிடாமல் தாமே கணக்கிட்டுப் பழக வைத்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

வேகம் கெடுதல் என்றால் ஆனந்த் எப்படி வந்தார் என்று நண்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சென்னையில் தால் சதுரங்கக் கழகத்தில் சிறுவன் ஆனந்த் மின்னல் ஆட்டங்களாக ஆடித் தள்ளியவர். ஆனால் அதே சிறுவன் மணிலாவில் இருந்தபோது, தொலைக்காட்சியில் வந்த சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்து வைக்க, பள்ளி விட்டு வந்ததும் தாயும் மகனுமாக உட்கார்ந்து விடை கண்டவர். வேகத்துக்கு வேண்டிய சரக்கு அவரிடம் சேர்ந்துகொண்டே இருந்தது.

இந்தச் 'சரக்கு' என்பது வெறும் உவமையன்று. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தலைசிறந்த ஆட்டக்காரர்கள் அடுத்த படியில் இருப்பவர்களைவிட அதிக ஆழமாகக் கணக்கிடுவதில்லை என்று கண்டார். நிலையைப் பார்த்ததுமே எதைச் சிந்திக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புலப்பட்டுவிடுகிறது. 1973-இல் சேஸ், சைமன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஐந்து விநாடி மட்டும் பலகையைக் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்ட நிலையை வல்லுநர் பெரும்பாலும் சரியாக அடுக்கினார். கண்டபடி கலைத்து வைத்த நிலையில் அவரும் ஏறக்குறைய புதியவரைப் போலத்தான். நினைவில் இருப்பவை காய்கள் அல்ல, பொருளுள்ள அமைப்புகள். நம் நண்பர் நாளொன்றுக்கு இருபது ஆட்டம் ஆடுவதாக எழுதுகிறார். இருபதிலும் அதே ஜி5 குதிரை என்றால், ஒரே பாடத்தை இருபது முறை படித்ததாகத்தான் கணக்கு.

முடிவாட்டம் அவரிடம் அறவே இல்லை. யானையும் சிப்பாயும் எதிரிக்கு, யானை மட்டும் தமக்கு என்ற நிலையில் ஓர் ஆட்டம் தோற்றிருக்கிறார். அவருடைய ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே, அது ராணியாகும் கட்டத்தில் நிற்கிறது. சிப்பாயோ இன்னும் எதிரியின் ஐந்தாம் வரிசையில்தான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிலிடோர் காட்டிய வழி போதும்: நம் யானை எதிரியின் கணக்கில் ஆறாம் வரிசையில் நின்று, ராஜாவை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு முன்னேறிய உடனே, யானை பலகையின் மறுகோடிக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஒதுங்க நிழல் இல்லாத ராஜா தப்ப முடியாது, ஆட்டம் டிரா. கற்க அரைமணி நேரம் போதும். அந்தச் சிங்கப்பூர்ப் பந்தயத்தின் 14-வது ஆட்டமே, டிங் லிரன் யானைகளைப் பரிமாற முன்வந்து, மந்திரிகளும் வெட்டுப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் நிலையில்தான் தீர்ந்தது.

ஆகவே நாம் சொல்வது: ஆட்டத்தை விட வேண்டாம், மூன்று நிமிட ஆட்டத்தை மூன்று மாதம் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டே ஆட்டம், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல். தொடக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. நான்காவது நகர்த்தலில் குதிரையை ஜி5-க்கு விடாமல் சிப்பாயை டி3-க்கு நகர்த்திப் பாருங்கள். அதே மந்திரி, அதே குதிரை. ஆனால் பதினைந்தாவது நகர்த்தலிலும் யோசிக்க வேண்டிய ஆட்டம் வரும். ஆடி முடித்ததும், போட்வின்னிக் வற்புறுத்திய பழக்கப்படி, எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று முதலில் நீங்களே எழுதுங்கள். கணிப்பொறியை மறுநாள் கேளுங்கள். இரண்டும் மாறுபடும் இடங்களே உங்கள் பாடப் புத்தகம். தரவெண் முதல் மாதத்தில் இறங்கினாலும் இறங்கலாம். பொருட்படுத்த வேண்டாம்.

அடுத்த முறை பத்து ஆட்டங்கள் அனுப்பினால் போதும், விழுக்காடுகள் வேண்டாம். அதற்கு முன், அந்தப் 'போர் அடித்த' ஆட்டத்தின் பதினான்காவது நகர்த்தலில், கடிகாரம் ஓடிய நாற்பது விநாடிகளில் என்னென்ன நினைத்தார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பட்டும்.