குறட்டையும் முனகலும்: எண்டோவின் 'மௌனம்'

பின்நவீனத்துவம் பேசுகிறவர்கள் கிறிஸ்தவத்தை எடுத்துக்கொள்ளும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். 'பெருங்கதையாடல்'களின் பட்டியலில் அதை முதலாவதாக எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். லியோதார் 1979இல் எழுதிய சிறு புத்தகம் இதற்குப் போதுமான அனுமதியைத் தந்துவிட்டதாக அவர்கள் நினைப்பு. அல்லது மௌனம், இன்மை, வெறுமை போன்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு, எக்ஹார்ட்டும் பழைய மறைஞானிகளும் டெரிடாவின் முன்னோடிகள் என்று உறவுமுறை கொண்டாடுகிறார்கள். டெரிடாவே இந்த உறவை அப்படியே ஏற்றுக்கொண்டவர் அல்ல. 1986இல் ஜெருசலேமில் நிகழ்த்திய உரையில், எதிர்மறை இறையியல் 'இது அல்ல, அது அல்ல' என்று சொல்லிக்கொண்டே போனாலும் இருத்தலுக்கும் மேலான ஓர் இருத்தலைக் கடைசியில் பத்திரப்படுத்திக்கொள்கிறது, தன் காரியம் அதுவல்ல என்று விலகிக்கொண்டார். உறவினர்கள் விடுவதாயில்லை.

இந்த இரண்டு சௌகரியங்களும் எடுபடாத ஒரு நாவல் உண்டு. ஷூசாக்கு எண்டோவின் 'மௌனம்'. 1966இல் ஜப்பானில் வெளிவந்தது. அவ்வாண்டின் தனிஸாகி பரிசு பெற்றது. ஐரிஷ் ஜெசூட்டான வில்லியம் ஜான்ஸ்டன் 1969இல் ஆங்கிலத்தில் தந்தார். லியோதாரின் புத்தகத்துக்குப் பதின்மூன்று ஆண்டு முந்தியது. ஆனால் 'பெருங்கதை' ஒன்று உடைவது என்றால் என்ன, அது யாருடைய உடம்பின்மேல் உடைகிறது என்பதை அதற்குப் பின் வந்த தத்துவவாதிகளைவிட இது நெருக்கமாகப் பார்த்திருக்கிறது.

கதை தெரிந்ததுதான். ஜப்பானில் 1614இல் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1633இல் கிறிஸ்தோவாவ் ஃபெரெய்ரா என்ற போர்ச்சுகீசிய ஜெசூட் குருவைக் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அவர் மதத்தை மறுத்தார். இது சரித்திரம். அவருக்குப் பின் வந்து பிடிபட்ட ஜுசெப்பே கியாரா என்ற இத்தாலியக் குருவை மனதில் வைத்து எண்டோ உருவாக்கிய பாத்திரம் ரோட்ரிகஸ். தன் ஆசிரியர் ஃபெரெய்ரா மதத்தைக் கைவிட்டார் என்பதை நம்ப முடியாமல், ரகசியமாக ஜப்பானில் இறங்கி, பிடிபட்டு, கடைசியில் அவனும் கிறிஸ்துவின் முகம் பதித்த 'ஃபுமியே' என்ற தகட்டின்மேல் கால் வைக்கிறான்.

கால் வைப்பதற்கு முந்திய இரவுதான் நாவலின் மையம். இருட்டான சிறை அறை. சுவரில் விரலால் தடவிப் பார்க்கிறபோது, இறைவனைத் துதிக்கச் சொல்லும் இரண்டு லத்தீன் சொற்கள் செதுக்கப்பட்டிருப்பது தட்டுப்படுகிறது. தனக்கு முன் இங்கே கிடந்த ஏதோ ஒரு வேதசாட்சியின் எழுத்து என்று அவன் நெகிழ்ந்துபோகிறான். வெளியே காவலர்கள் குறட்டை விடும் சத்தம் கேட்கிறது. ஒரு மனிதன் சாவை எதிர்பார்த்துக் கிடக்கும்போது இன்னொருவன் இப்படித் தூங்குகிறானே என்று முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு எரிச்சல். ஃபெரெய்ரா வருகிறார். அந்த எழுத்து தான் செதுக்கியது என்கிறார். குறட்டை குறட்டை அல்ல, குழிகளில் தலைகீழாகத் தொங்கும் விவசாயிகளின் முனகல் என்கிறார். அவர்கள் ஏற்கனவே மதத்தை மறுத்துவிட்டவர்கள். குரு மறுக்கும்வரை அவர்களை இறக்கமாட்டார்கள்.

பின்நவீனத்துவ விமர்சகனுக்கு இது திகட்டத் திகட்ட விருந்து. எழுதியவன் கைவிட்ட பிறகும் நிற்கும் எழுத்து. ஆசிரியன் மாறியதும் தலைகீழாகும் அர்த்தம். தவறாக வாசிக்கப்பட்ட ஒரு குறி. குறிகளுக்கு நிலையான அர்த்தம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று அவன் எழுதிவிடுவான், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் நடப்பது அதற்கு நேர் மாறானது. குறட்டை என்ற வாசிப்பும் முனகல் என்ற வாசிப்பும் சம உரிமை உள்ள இரண்டு வாசிப்புகள் அல்ல. ஒன்று பொய். அது பொய் என்று தெரிந்த கணத்தில் ரோட்ரிகஸின் உலகம் இடிகிறது. அவன் இதுவரை நம்பிவந்த வேதசாட்சி மரணத்தின் கம்பீரம், ஐரோப்பியத் திருச்சபையின் வீர காவியம், தன் முகத்தையும் கிறிஸ்துவின் முகத்தையும் ஒன்றாகக் கண்டுகொண்டிருந்த அந்தரங்கப் பெருமை எல்லாம் சரிகின்றன. ஆனால் இவற்றைச் சரிப்பது தத்துவம் அல்ல, பக்கத்துக் குழியிலுள்ள ஒரு தொண்டை. இந்த நாவலில் கதையாடல்கள் கலைவது உண்மை என்று ஒன்று இல்லாததால் அல்ல. ஓர் உண்மை சகிக்கமுடியாத அளவுக்குப் பக்கத்தில் இருப்பதால்.

இந்த வித்தியாசத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இத்தாலியத் தத்துவவாதி வாத்திமோ (2023இல் காலமானார்) 'பலவீனச் சிந்தனை' என்று ஒன்றை 1983 முதல் முன்வைத்துவந்தார். பின்னாளில் அதைக் கிறிஸ்தவத்தோடு இணைத்தார். கடவுள் தன்னை வெறுமையாக்கிக்கொண்டார் என்று பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்வதை எடுத்து, மேற்கில் சத்தியங்களெல்லாம் வலுவிழந்து மதச்சார்பின்மை பரவுவதே அந்த வெறுமையாக்கலின் தொடர்ச்சி, கிறிஸ்தவத்தின் தோல்வி அல்ல, அதன் நிறைவேற்றம் என்றார். சாமர்த்தியமான வாதம். அன்பு தவிர வேறு உள்ளடக்கம் தேவையில்லாத ஒரு கிறிஸ்தவம் இதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் இதில் யாருக்கும் எதுவும் செலவாவதில்லை. பவுலின் வாக்கியத்தில் வெறுமையாக்கல் சிலுவை மரணம் வரை போகிறது. வாத்திமோவிடம் அது ஒரு நாகரிகத்தின் மெதுவான ஆசுவாசமாக ஆகிவிடுகிறது. எண்டோவின் ரோட்ரிகஸும் வெறுமையாகிறான். பெயர் போகிறது, ஜப்பானியப் பெயர் தருகிறார்கள், இறந்துபோன ஒருவனின் மனைவியைத் தருகிறார்கள், துறவு போகிறது, மாக்காவிலும் ரோமிலும் அவன் துரோகி. தான் செய்தது அன்பா பலவீனமா என்று நிச்சயிக்கும் உரிமைகூட அவனுக்கு மிஞ்சுவதில்லை. வெறுமையாக்கல் என்ற சொல்லை உபயோகிக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் காட்டவேண்டும்.

நாவலின் வடிவமே இந்த வெறுமையாக்கலைச் செய்துகொண்டு போகிறது. முன்னுரையில் சரித்திரக்காரனின் குரல். பிறகு ரோட்ரிகஸ் தன்மையில் எழுதும் கடிதங்கள். அவன் பிடிபடுவதோடு கடிதங்கள் முடிகின்றன. 'நான்' பறிக்கப்பட்டு 'அவன்' வருகிறான். பிறகு டெஜிமாவிலுள்ள டச்சு வியாபாரக் குமாஸ்தாவின் நாட்குறிப்பில் ஒரு செய்தியாகச் சிறுத்துப்போகிறான். கடைசியில் பிற்சேர்க்கை: கிறிஸ்தவச் சிறை இல்லத்து அதிகாரி ஒருவரின் குறிப்பேடு. யாருக்கு என்ன செலவு, யார் எப்போது நோயுற்றார் என்ற கணக்குகளுக்கு நடுவே ரோட்ரிகஸ் மறுபடியும் ஒரு மறுப்புரை எழுதவைக்கப்படுவது ஒரு வரியில் வந்து போகிறது. முற்றாகக் கைவிட்டவனை ஏன் திரும்பவும் எழுதச் சொல்கிறார்கள்? நடுவில் என்ன நடந்தது? குறிப்பேடு சொல்லாது. அவன் இறக்கிறான், பௌத்த முறைப்படி எரிக்கப்படுகிறான்.

பல குரல்கள், ஆவணப் போலிகள், மையமில்லாத கதைசொல்லல் என்று வகைப்படுத்தி இதையும் உத்தி என்ற பெட்டியில் போட்டுவிடலாம். நம் ஊரில் உத்திக்காகவே எழுதப்படும் நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இங்கே ஒவ்வொரு குரல் மாற்றமும் ஒரு மனிதனிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்கிறது.

ஸ்கோர்செஸி 2016இல் எடுத்த படத்தில், எரியும் சவப்பெட்டிக்குள் ரோட்ரிகஸின் கையில் ஒரு சின்னஞ்சிறு சிலுவை தெரிகிறது. நாவலில் அது கிடையாது. ஐம்பது ஆண்டுகளாகத் திறந்து கிடந்த ஒரு கேள்வியைக் காமிரா உள்ளே புகுந்து மூடிவிட்டது. பக்தர்களுக்கு நிம்மதி. எனக்கு அது அதிகாரியின் குறிப்பேட்டைவிட இரக்கமற்றதாகப் பட்டது.

மொழிபெயர்ப்பிலும் இதே அவசரம் உண்டு. தகட்டின்மேல் கால் வைக்கப்போகும் கணத்தில் அந்த முகம் அவனிடம் பேசுகிறது. ஜான்ஸ்டனின் ஆங்கிலத்தில் அது கட்டளை. அடுக்கிச் சொல்லப்படும் ஏவல். மூலத்தில் இருப்பது ஏவல் அல்ல, இசைவு என்று ஜப்பானிய மொழி அறிந்தவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 'செய்' என்பதற்கும் 'செய்யலாம், பரவாயில்லை' என்பதற்கும் உள்ள தூரம் தமிழனுக்கு விளக்கத் தேவையில்லை. கட்டளையிடும் கடவுள் பொறுப்பைத் தான் ஏற்றுக்கொள்கிறார், கீழ்ப்படிந்தவன் தப்பித்துவிடுகிறான். இசைவு தரும் கடவுளோ செயலை மனிதனிடமே விட்டுவிட்டு வலியில் மட்டும் பங்கு கேட்கிறார். இறையியல் முழுவதும் ஒரு வினைமுற்றில் மாறிவிடுகிறது. தலைப்பிலும் ஒரு விபரீதம். எண்டோ முதலில் நினைத்த பெயர் வெயில் படும் இடத்தின் வாசனையைச் சொல்லுவது. பதிப்பகத்தார் யோசனையில் 'மௌனம்' ஆயிற்று. கடவுள் மௌனமாக இருந்தார் என்று சொல்லும் நாவல் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரோ மௌனத்துக்குள்ளிருந்து பேசினார் என்று எழுத நினைத்தவர்.

கத்தோலிக்கர்களிடையே எழுந்த எதிர்ப்பைப் பரிகசிப்பது சுலபம். நான் பரிகசிக்கமாட்டேன். நாகசாகிப் பகுதியின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மிதிக்க மறுத்துச் செத்தவர்கள் மூதாதையர். ஒரு நாவலாசிரியன் வந்து மிதித்தவனுக்கும் கிறிஸ்து கிடைத்தார் என்றால், மிதிக்காதவன் ஏன் செத்தான் என்று அவர்கள் கேட்பது நியாயம். எண்டோவிடம் இதற்குப் பதில் இல்லை. நாவலில் கடலோரம் மரத்தூண்களில் கட்டப்பட்டு அலையேற்றத்தில் மெல்ல மெல்லச் சாகும் மோக்கிச்சியும் இச்சிஸோவும் இந்தக் கேள்வியாகவே நிற்கிறார்கள். அவர்களை நாவல் சிறுமைப்படுத்தவில்லை என்பது உண்மை. அவர்களிடம் திரும்பிப் போகவும் இல்லை.

ஃபெரெய்ராவின் பெரிய வாதம் ஒன்று உண்டு. ஜப்பான் ஒரு சதுப்பு நிலம், நட்ட செடி வேர் அழுகிவிடும். இவர்கள் வணங்கியது நம் தேவனை அல்ல, தாங்கள் திரித்துக்கொண்ட வேறொன்றை என்கிறார். இதற்கு ஒரு சரித்திர ஆதாரமும் காட்டுகிறார். 1549இல் ஜப்பானுக்குப் போன பிரான்சிஸ் சவேரியார் கடவுளைக் குறிக்க முதலில் 'தைனிச்சி' என்ற சொல்லை எடுத்தார். அது பௌத்தத்தின் மகா சூரிய புத்தரின் பெயர் என்று தெரிந்ததும் கைவிட்டு, 'தேயுஸ்' என்ற லத்தீன் சொல்லையே உபயோகித்தார். இதே சவேரியார் அதற்குமுன் 1542 முதல் நம் முத்துக்குளித்துறைப் பரவர்களிடையே இருந்தவர். தமிழில் பின்னால் வந்தவர்கள் அந்நியச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ஹென்ரிக்கஸின் புத்தகத்துக்குப் பெயரே 'தம்பிரான் வணக்கம்'. பின்னர் நொபிலி 'சர்வேசுரன்' என்றார். ஒவ்வொரு சொல்லும் தன் பழைய வீட்டு வாசனையோடுதான் வந்தது. சொல் மாறினால் பொருள் அழுகிவிடும் என்ற ஃபெரெய்ராவின் கட்சியை ஒப்புக்கொண்டால், தமிழில் ஜெபிக்கும் ஒருவனும் கிறிஸ்தவன் ஆகமாட்டான். பின்நவீனத்துவர்களோ இதே கட்சியைக் கொண்டாட்டமாக ஆக்கிவிடுகிறார்கள்: அழுகல்தான் சிருஷ்டி என்று.

இரண்டு பேரும் மறைந்துவாழ்ந்த கிறிஸ்தவர்களின் 'ஒராஷோ'வைக் கேட்கவேண்டும். குருமார் இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்குமேல் வாய்வழியாகக் கடத்தப்பட்ட ஜெபங்கள். லத்தீனும் போர்ச்சுகீசியமும் ஜப்பானிய நாக்கில் தேய்ந்து, சொல்கிறவர்களுக்கே பெரும்பகுதி பொருள் தெரியாமல் போய்விட்டது. அர்த்தம் உதிர்ந்த வெறும் ஒலி. ஆனால் இந்த ஒலிக்காக அகப்பட்டால் உயிர் போகும் என்று தெரிந்துதான் பெற்றோர் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1865இல் நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா கோயிலுக்கு வந்து, பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். தடை 1873இல் நீங்கிய பிறகும் ஒரு பகுதியினர் ரோமுக்குத் திரும்பவில்லை. தேய்ந்த ஒலியோடேயே இருந்துவிட்டார்கள். குறியும் பொருளும் பிரிந்துபோவது பற்றிய எந்தக் கோட்பாடும் இவர்களை விளக்கி முடித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஃபெரெய்ராவின் சதுப்பு நிலமும் விளக்கவில்லை.

எண்டோ 1993இல் எழுதிய 'ஆழ்ந்த நதி'யைப் பற்றி ஒரு வார்த்தை. காசியில் நடக்கும் அந்நாவலில் ஓத்சு என்ற பாத்திரம், கடவுள் என்ற சொல் பிடிக்காத தோழிக்காக அவரை 'வெங்காயம்' என்று அழைக்கச் சம்மதிக்கிறான். எல்லா மதங்களுக்கும் இடம் கொடுக்கும் இந்தப் பிற்கால எண்டோவைத்தான் இன்று பலருக்குப் பிடிக்கிறது. அனாதைப் பிணங்களைச் சுமக்கும் ஓத்சு மதிக்கத்தக்கவன். ஆனால் பெயரை இவ்வளவு லகுவாக மாற்றிக்கொள்ள முடிகிற இடத்தில், பெயருக்காகக் குழியில் தொங்கியவர்களுக்கு என்ன வேலை?

'மௌன'த்தின் பிற்சேர்க்கையைப் பலர் படிப்பதில்லை. சலிப்பான அலுவலகக் குறிப்பு என்று தாண்டிவிடுகிறார்கள். அதில் கிச்சிஜிரோ இருக்கிறான். ஒவ்வொரு முறையும் மிதித்தவன், ரோட்ரிகஸைக் காட்டிக்கொடுத்தவன், ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டு பாவமன்னிப்புக்கு வந்தவன். வேலைக்காரனாக அதே சிறை இல்லத்தில் வாழ்கிறான். ஒருநாள் சோதனையில் அவன் உடம்பிலிருந்து ஒரு தாயத்து எடுக்கப்படுகிறது. உள்ளே கிறிஸ்தவப் புனிதர்களின் படங்கள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, ரோட்ரிகஸுக்குச் சம்பந்தம் உண்டா என்று விசாரணை நீள்கிறது. அதிகாரி தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார்.